கலிங்கில் மணல்மூட்டை வேண்டாம்

பினாங்கின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் என் மாமாவுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. அதன் மேற்பகுதியில் சிற்றோடையை மறித்து, முந்தைய உரிமையாளர் கட்டிய மண் அணை ஒன்று உண்டு. கரை இரண்டு ஆள் உயரம்தான். ஆயர் ஈத்தாம் அணையையோ தெலுக் பஹாங் அணையையோ கவனிக்கப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். இந்தக் கரையைக் கவனிக்க மாமாவும் இரண்டு வேலையாட்களும்தான். உயரம் 15 மீட்டரை எட்டினாலோ, 5 மீட்டருக்குமேல் இருந்து 30 லட்சம் கன மீட்டருக்குமேல் தேக்கினாலோதான் ஓர் அணையைப் பெரிய அணை என்று பன்னாட்டுப் பெரிய அணைகள் ஆணையம் கணக்கில் சேர்க்கும். அதனால் இத்தகைய கரைகள் யார் கண்ணிலும் படுவதில்லை. கீழே இருக்கும் வீடுகளுக்கோ அது சின்ன அணை இல்லை.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பதால், அங்கே போனாலே முதலில் கரையில்தான் ஏறுவேன். இம்முறை, குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோட விட்ட கலிங்கின் வாயில் மணல்மூட்டைகள் அடுக்கியிருந்தன. வறட்சியில், காய் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் போதாது என்று ஒரு முழம் கூடுதலாகத் தேக்கியிருக்கிறார்கள். மழைக்காலம் நெருங்கியும் மூட்டைகளை யாரும் எடுக்கவில்லை. அவற்றின்மேல் புல் முளைத்திருந்தது.

"நாற்பது ஆண்டுகளாக நிற்கிறது, இனிமேலா விழப்போகிறது?" என்றார் மாமா.

"இத்தனை காலமும் கலிங்கு திறந்திருந்தது, மாமா" என்றேன்.

கரையைத் தாண்டி வழியும் தண்ணீரைக் கான்கிரீட் ஓரளவு தாங்கும். மண் தாங்காது. உச்சியில் வழியும் நீர் கீழ்ச்சரிவை அரித்து, அரிப்பு பின்னோக்கி ஏறி, சில மணி நேரத்தில் கரையையே பிளந்துவிடும். 2018 மே 9ஆம் தேதி இரவு, கென்யாவின் சோலாயில் தனியார் பண்ணை ஒன்றின் மண் அணை கனமழையில் உடைந்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களும் குழந்தைகளுமாக 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பினாங்கில் 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பெய்த மழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படியொரு மழை ஒரு முழம் உயர்த்திய நீர்மட்டத்தின்மேல் பெய்தால் என்ன ஆகும் என்று மாமாவிடம் கேட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் மூட்டைகளை அன்றே இறக்கச் சொல்லிவிட்டார்.

கலிங்கை அடுத்துக் கசிவைப் பார்க்க வேண்டும். எந்த மண் கரையும் கொஞ்சம் கசியும். தெளிந்த நீராக, மாறாத அளவில் வந்தால் குறித்துவைத்துக் கவனித்தால் போதும். கலங்கி வந்தாலோ திடீரென்று அதிகரித்தாலோ உள்ளேயிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். பெரும்பாலும் கரைக்குள் புதைத்த குழாயை ஒட்டித்தான் இது தொடங்கும். அப்போது களிமண்ணை வைத்து வாயை அடைப்பது பெருந்தவறு. நீர் வேறிடத்தில் பீறிடும். மணலும் அதன்மேல் சரளையும் போட்டால் நீர் வடியும், மண் தங்கும். உடனே பொறியாளரையும் அழைக்க வேண்டும்.

கீழ்ச்சரிவில் ஒரு ரப்பர் மரம் நன்றாகவே பருத்திருக்கிறது. வெட்டிவிடலாமா என்று வேலையாள் ஒருவர் கேட்டார். கன்றுகளைப் பிடுங்கச் சொன்னேன். பெரிய மரத்தைத் தொட வேண்டாம் என்றேன். வெட்டிய மரத்தின் வேர் அழுகினால் அதுவே நீருக்கு வழியாகிவிடும். அதைப் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயந்துபோய், குளத்தையே ஒரேயடியாக வடித்துவிடலாம் என்றும் மாமா சொன்னார். அதுவும் ஆபத்துதான். ஊறிய உட்சரிவு, எதிரே தாங்கிநிற்கும் நீர் சட்டென்று இறங்கினால் சரிந்துவிடும். மெதுவாகத்தான் இறக்க வேண்டும்.

கீழே குடியிருப்பவர்களின் தொலைபேசி எண்களைக் காவல் குடிசையின் சுவரில் ஒட்டியாயிற்று. நாங்களே வீடு வீடாகப் போய், ஓடை திடீரென்று கலங்கினால் எந்தப் பக்கம் மேடேற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம். பொறியாளர் அடுத்த வாரம் வருகிறார். கலிங்கை எவ்வளவு அகலப்படுத்த வேண்டும் என்று அவர் கணக்கிட்டுச் சொன்னதும் வேலை தொடங்கும்; செலவை மாமா ஏற்றுக்கொண்டார்.