"புதுசா பதிஞ்சிடுங்க சிஸ்டர்"

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணைப் பிக்மியில், அதாவது கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளத்தில், தேடி எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று கிராம சுகாதார செவிலியர் எல்லோருக்கும் தெரியும். இந்த முறை எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

எட்டாம் மாதத்தில் வந்தாள் அந்தப் பெண். தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டில் கிடக்கிறது. அவளுடைய போன் நம்பரைப் போட்டால் பதிவு எதுவும் வரவில்லை. முதலில் கொடுத்தது கணவரின் பழைய நம்பராம், அந்த சிம்மே இப்போது இல்லை.

வட்டார அளவில் டேட்டா பார்ப்பவரிடம் போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுக்கு இழுத்தடிக்கிறீங்க? புதுசா பதிஞ்சிடுங்க சிஸ்டர், இன்னைக்குக் கணக்கு முடிஞ்சிடும்."

கணக்கு முடியும். ஒரே பெண்ணுக்கு இரண்டு ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், விழுமே? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை ஓர் எண்ணில் நிற்கும், பிரசவம் இன்னோர் எண்ணில் ஏறும். பிறப்புச் சான்றிதழுக்கும் 2017 அக்டோபரிலிருந்து அந்த 12 இலக்க எண்தானே கேட்கிறார்கள்! முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாமியார் ஊர் செவிலியரின் நம்பரை ஆள் பிடித்து வாங்கினேன். பகலெல்லாம் களத்தில் இருந்தவர், சாயங்காலம் அவரே கூப்பிட்டு, கையால் எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து எண்ணைப் படித்தார். நல்லா இருக்கணும் அந்த அக்கா.

பதிவு திறந்ததும் பகீரென்றது. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 162. 140 வந்தாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்றுதானே பார்க்கிறோம்? கேட்டால், "ஏதோ இனிப்புத் தண்ணி குடிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாங்கக்கா, அப்புறம் நான் போகல" என்கிறாள். புதிதாகப் பதிந்திருந்தால் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கும்.

மறுநாளே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். பெண் குழந்தை. இருவரும் நலம். பிறப்புச் சான்றிதழும் சிக்கலில்லாமல் கிடைத்தது.

செவிலியர்களே, பழைய எண் கிடைக்கும்வரை புதுப் பதிவு போடாதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும். உங்கள் ஊரிலிருந்து பிரசவத்துக்குக் கிளம்பும் பெண்களின் எண்ணை நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். கர்ப்பிணிகள் அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, அம்மாவின் போனுக்கும் அனுப்பி வையுங்கள். சிம் மாற்றினால் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.