கழுவெளிக்கு ஏது கரை?

வரைபடம் தயாரிக்கிற வேலை என்னுடையது. ஈரமான இடம் எதுவானாலும் எங்கள் குறிப்புப் பட்டியலில் அதற்கு ஒரே பெயர்தான்: சதுப்பு நிலம். கால் வைத்தால் சொதசொதவென்று அமுங்கும் மண்ணுக்கு அது நல்ல சொல். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எப்போது வற்றுகிறது என்று அது சொல்லாது. போதாக்குறைக்கு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் அதற்குள்ளேயே அடைத்துவிடுகிறோம்.

மரக்காணம் பக்கம் களப்பணிக்குப் போனபோது அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. அங்கே அது கழுவெளி. எல்லைக்கோடு போட வேண்டுமே என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "கரை எங்கய்யா இருக்கு?" என்றேன்.

"கழுவெளிக்கு ஏது தம்பி கரை? ஐப்பசி கார்த்திகையில அதுபாட்டுக்குப் பரவும். வெயில் ஏறினா உள்ள போயிடும், அப்புறம் மாடு மேயும்."

கழி என்றால் கடலை ஒட்டிய உப்புநீர்ப் பரப்பு. உப்பங்கழி, கழிமுகம் எல்லாம் அதே கழிதான். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலம் வந்தாலே கழியும் வந்துவிடும். வெளி, தடுப்பில்லாத பரப்பு. இரண்டும் சேர்ந்து வந்த பெயர் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பெரியவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே!

1971இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காக்கக் கையெழுத்தான ஒப்பந்தம்கூட, தற்காலிகமாக நீர் நிற்கும் இடத்தையும் ஈரநிலமாகவே கணக்கில் எடுக்கிறது. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து "தரிசு" என்று நிறம் தீட்டுவது எங்களைப் போன்றவர்கள்தான். வருவாய்த்துறை ஆவணத்தில் அது புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறம்பான நிலம் என்பதுதான் பொருள். காதில் விழுவதோ ஒன்றுக்கும் உதவாதது என்று.

சென்னையின் பள்ளிக்கரணையும் கழுவெளிதான். 2022இல் அதற்கு ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது; பெருங்குடி குப்பைக்கிடங்கு இருப்பதும் அதே சதுப்பில்தான். ஒருமுறை எங்களிடம் வந்த கோப்பில் "கழிவுவெளி" என்று தட்டச்சு செய்திருந்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இப்போது எங்கள் அட்டவணையில் உள்ளூர்ப் பெயருக்கு ஒரு தனிப் பத்தி சேர்த்திருக்கிறேன். கழுவெளி, கழிவெளி, கழுவேலி என்று கோப்புக்குக் கோப்பு எழுத்து மாறுகிறது. ஒன்றைத் தட்டித் தேடினால் கணினி மற்றதைக் காட்டாது. அதனால் மூன்றையுமே உள்ளிட்டு வைக்கிறேன்.