ஏஎன்ஏ நெகட்டிவ் என்ற ஒரு வரியும் என் கீழுதட்டுத் தழும்பும்

தில்லியில் நவம்பர் மாதத்தில் கண் எரிகிறது என்று யாரிடம் சொன்னாலும் புகை என்றுதான் பதில் வரும். மயூர் விகாரில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் மாமி பன்னீர் விடச் சொன்னார். நான் முதலில் பார்த்த கண் மருத்துவரும் ஒரு சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து, காற்று தெளிந்ததும் சரியாகிவிடும் என்றார். ஜூலை மழையில் வானம் கழுவி விட்டாற்போல் இருந்த நாள்களிலும் இமைக்குள் மணல் கிடப்பது போன்ற உறுத்தல் போகவில்லை என்பதையும், தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சப்பாத்தியை விழுங்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு ஓராண்டு மிஞ்சியிருக்கும். கண் மருத்துவரிடம் வாயைப் பற்றி எதற்குப் பேசுவது என்று இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்வது, உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். எனக்கு அதுதான்.

அந்தச் சொட்டு மருந்தை நாளைக்கு ஏழெட்டு முறை விட்டுக்கொண்டேன். அதில் கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு, அத்தனை முறை விட்டால் கருவிழியின் மேற்பரப்பையே அரித்துவிடும் என்பதை இரண்டாவது மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். பதப்பொருள் சேராத மருந்து விலையில் கையைக் கடிக்கும். ஆனாலும் அடிக்கடி விட வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை.

தெற்கு தில்லியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில்தான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. ஷிர்மர் சோதனை என்பது 5 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தாள் கீற்றைக் கீழிமைக்குள் மாட்டி, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பது. எனக்கு முன்னதாகவே கண் பாப்பாவை விரிக்கும் சொட்டை விட்டுவிட்டு, அது எரிந்து கண் கலங்கிக் கொண்டிருக்கும்போதே கீற்றை மாட்டினார்கள். 14 மில்லிமீட்டர் நனைந்தது. இயல்பு என்று எழுதியும் விட்டார்கள். நனைந்தது என் கண்ணீரால் மட்டுமன்று, அவர்கள் விட்ட மருந்தாலும்தான் என்று சொன்னதற்கு அந்தப் பணியாளர் அடுத்த டோக்கனை அழைத்தார். மூன்று வாரம் கழித்து, காலையில், எந்தச் சொட்டும் விடாமல், வேறோர் இடத்தில் செய்தபோது வலது கண்ணில் 3, இடது கண்ணில் 4 மில்லிமீட்டர்தான் வந்தது. 5 அல்லது அதற்குக் குறைவு என்றால் நோயை வகைப்படுத்தும் மதிப்பெண் கணக்கில் சேரும்.

அடுத்தது ரத்தம். ஏஎன்ஏ என்பது தன் உடலின் செல்கருவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் பரிசோதனை. அது நெகட்டிவ் என்று வந்ததும், தன்னெதிர்ப்பு நோய் ரத்தத்தில் தெரியவில்லை, ஆகவே கீழுதட்டின் உட்புறத்தைக் கீறிச் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். சரி என்றேன். உதட்டின் அந்த ஓரம் இன்றும் சற்று மரத்தே இருக்கிறது. பயாப்சி அறிக்கையில் நாள்பட்ட சுரப்பி அழற்சி என்று ஒரே வரி. அதைக் கண்ட வாதநோய் மருத்துவர், இதில் ஃபோகஸ் ஸ்கோர் எங்கே என்று கேட்டார். 50க்குக் குறையாத நிணவணுக்கள் (ஒரு வகை வெள்ளணுக்கள்) ஒன்றாகத் திரண்டிருந்தால் அது ஒரு ஃபோகஸ். 4 சதுர மில்லிமீட்டர் சுரப்பித் திசுவில் அப்படி எத்தனை என்பதுதான் ஸ்கோர். ஒன்று இருந்தாலே 3 மதிப்பெண். எண் இல்லாத அறிக்கைக்கு மதிப்பெண்ணும் இல்லை.

ஸ்லைடுகளைத் திரும்பப் பெற மூன்று நடை நடந்தேன். முதல் நாள் சன்னல் ஒரு மணிக்கே மூடிவிட்டது. இரண்டாம் நாள் ரசீதின் நகலைக் காட்டினேன். "ஒரிஜினல் பில் சாஹியே" என்று சொன்னவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்றாம் நாள் வீட்டையே கவிழ்த்துத் தேடி எடுத்த அசல் ரசீதை நீட்டியபோது, அதை வாங்கிப் பாராமலேயே ஸ்லைடுகளைக் கொடுத்துவிட்டார். வேறொரு நோய்க்கூறு நிபுணர் எண்ணிப் பார்த்து 2 என்று எழுதினார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த 2 எனக்குத் தேவையே படவில்லை. அதற்குள் வாதநோய் மருத்துவர் கேட்டிருந்த, எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகத் தேடும் ஈஎன்ஏ பரிசோதனை வந்து, ரோ என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் அதிக அளவில் இருப்பதைக் காட்டிவிட்டது. ஏஎன்ஏ பரிசோதனையில் ஹெப்-2 என்ற செல்களைக் கண்ணாடியில் பதப்படுத்தி, நம் ரத்தநீரை விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பதப்படுத்தும்போது ரோ புரதம் அவற்றிலிருந்து கரைந்துவிடக் கூடும் என்பதால், அதற்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். 2016இல் வகுத்த அளவுகோலின்படி ரோவுக்கு 3, ஷிர்மருக்கு 1, ஆக 4. ஷோக்ரன் நோய் என்று வகைப்படுத்த அதுவே போதும். ஒரு குழாய் ரத்தத்தில் முடிந்திருக்க வேண்டியதற்கு உதட்டைக் கொடுத்திருக்கிறேன். உலர்கண்ணோடு வாயும் உலர்கிறது என்றால், ஏஎன்ஏ நெகட்டிவ் என்றவுடன் எழுந்து வந்துவிடாமல் ரோவைத் தனியாகக் கேளுங்கள். மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று சிசுவின் இதயத் துடிப்பைப் பாதிக்கக் கூடும்.

மருந்து எழுதியவர் காரணத்தையும் சொன்னதால்தான் என்னால் பொறுமையாக இருக்க முடிந்தது. கண்ணீர்ச் சுரப்பியிலும் வெண்படலத்திலும் புகுந்த டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கின்றன. அது எட்டிய செல்களில் வழக்கமாக அடங்கிக் கிடக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறு வெண்படலச் செல்களின் மேல் மிகுந்து இன்னும் பல டி செல்களை உசுப்புகிறது. கண்ணீரை வழவழப்பாக்கும் கோப்பைச் செல்கள் குறைகின்றன. அழற்சி அழற்சியை வளர்க்கிறது. சைக்ளோஸ்போரின் சொட்டு, கால்சிநியூரின் என்ற நொதியைத் தடுத்து, டி செல்களைப் பெருக வைக்கும் ஐஎல்-2 மரபணுவை இயக்கும் புரதம் டி செல்லின் கருவுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்கிறது. இது எரிச்சலை அன்றே ஆற்றும் மருந்து அன்று. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இதைக் கேட்டிருந்தும், விட்டவுடன் எரிகிறதே என்று மூன்றாவது வாரம் நானே நிறுத்தியதும், பிறகு முதலிலிருந்து தொடங்கியதும் என் தவறு. செயற்கைக் கண்ணீரை விட்டு, 15 நிமிடம் கழித்து இதை விட்டால் எரிச்சல் தாங்கும்படி இருக்கிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எனக்கு மூட்டு வலிக்காகத் தரப்பட்டதே அன்றிக் கண்ணுக்காக அன்று. அதைத் தொடங்கும்போதே விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இடையில் மருத்துவமனையில் படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர் தம் ஆய்வுக்காக என் வெண்படலத்தில் ஒரு மெல்லிய வடிதாளை ஒற்றி எடுக்க ஒப்புதல் கேட்டார். ஒட்டி வரும் செல்களின் ஆர்என்ஏவைப் பிரித்து, எந்தெந்த மரபணுக்கள் மிகுதியாக இயங்குகின்றன என்று அளப்பார்களாம். முதல் மாதிரி வீணாயிற்று: உரிய திரவத்தில் இடாமல் மேசையிலேயே இருந்துவிட்டதால் ஆர்என்ஏ சிதைந்துவிட்டது. வெட்கத்தோடு மறுபடியும் கேட்டார். மறுபடியும் கண்ணைக் கொடுத்தேன். இம்முறை குழாயைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடினார். என் செல்களில் எது எவ்வளவு இயங்கியது என்று பிறகு கேட்டதற்கு, தனிநபர் முடிவுகளை நோயாளிகளிடம் தருவதில்லை என்று ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருப்பதைக் காட்டினார். நான் கையெழுத்திட்டபோது கண் எரிந்துகொண்டிருந்ததால் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.