பழைய மாத்திரையும் கடையில் இருக்கட்டும்

கோத்தகிரியில் மெடிக்கல் கடையில் நிற்கும் எனக்கு, சீட்டைப் பார்த்ததுமே மாற்றம் தெரிந்துவிடும். அதே டாக்டர், அதே நோயாளி, அதே மருந்து. பெயருக்குப் பின்னால் மட்டும் புதிதாக ‘எஸ்.ஆர்.’ அல்லது ‘எக்ஸ்.ஆர்.’ ஒட்டியிருக்கும்; மெதுவாகக் கரையும் வடிவம் என்று அர்த்தம். விலையும் ஏறியிருக்கும்.

புது வடிவம் எல்லாமே ஏமாற்று என்று சொல்லமாட்டேன். விடிந்ததும் இலை பறிக்கக் கிளம்பும் அக்காக்களுக்கு, சர்க்கரை மாத்திரை ஒரு வேளை போட்டால் போதும் என்பது பெரிய நிம்மதி. மெட்ஃபார்மின் மெதுவாகக் கரைந்தால் பலருக்கு வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. ஆனால் கையில் காசு இறுகும் வாரத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுபவர்களும் அவர்களில் உண்டு. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் பலவற்றை உடைக்கக் கூடாது. நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அதனால் அட்டையை நீட்டும்போதே, “உடைக்காதீங்க அக்கா, முழுசா முழுங்குங்க” என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

என்னை உறுத்துவது புது வடிவம் வரும் நேரம். அமெரிக்காவில் மறதி நோய்க்கான நமெண்டா மாத்திரையை தினம் இரண்டு வேளை போட வேண்டும். 2015-ல் அதற்கு மலிவான ஜெனரிக், அதாவது அதே மருந்தை வேறு கம்பெனிகள் தயாரிக்கும் மாத்திரை, வரவிருந்தது. அதற்கு முன்பே, ஒரு வேளை போடும் நமெண்டா எக்ஸ்.ஆருக்கு நோயாளிகளை மாற்றிவிட்டு, பழையதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட ஆக்டாவிஸ் நிறுவனம் திட்டமிட்டது. அங்கே பிராண்டுக்குப் பதில் ஜெனரிக்கை மருந்தாளுநரே மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் வடிவமும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டில் எக்ஸ்.ஆர். என்று இருந்தால், பழைய வடிவத்தின் ஜெனரிக் அலமாரியில் இருந்தும் பயனில்லை. நியூயார்க் மாநிலம் வழக்குப் போட்டது. பழையதை எடுக்கக் கூடாது என்ற தடையை மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015 மே மாதம் உறுதி செய்தது. புதியதை விற்பதை யாரும் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் சரியான கோடாகப் படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு வேலி உண்டு. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டால், அது கூடுதலாகக் குணம் தருகிறது என்று காட்டச் சொல்கிறது. அதைக் காட்டாததால்தான் ரத்தப் புற்றுநோய் மருந்தான க்ளிவெக் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸ் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. அதனால் நம் கம்பெனிகள் தயாரித்த மலிவு மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன.

ஆனால் கவுண்டருக்கு அந்த வேலி எட்டுவதில்லை. சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக, அதே மருந்து வேறு கம்பெனியில் பாதி விலைக்கு இருந்தாலும், ஷெட்யூல் எச் மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம்) என்றால் நானாக மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. இங்கே எல்லாமே டாக்டரின் பேனாவில் இருக்கிறது. மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியான ரெப்பின் பையும் அங்கேதான் திறக்கிறது.

அதனால் விலை கேட்டுத் தயங்கி நிற்பவர்களுக்காக டாக்டருக்கு போன் போடுகிறேன். “பழையதே போதுமா சார்?” என்றால், “சரி, போதும்” என்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், சீட்டில் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன். அப்படி இருந்தால் எந்தக் கம்பெனி மாத்திரையையும் எடுத்துக் காட்டலாம். இந்தக் கேள்வியை நோயாளிகளே டாக்டரின் அறையில் கேட்டுவிட்டால், கையில் இருக்கும் காசை எண்ணிக்கொண்டு என் கவுண்டரில் நிற்க வேண்டியிருக்காது.