கடியின் உயரத்தை மவுஸால் கூட்டாதீர்கள்

பற்கள் எல்லாம் தேய்ந்துபோன வாயில் கடியை (மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதத்தையும் அப்போது தாடைகளுக்கு நடுவே இருக்கும் உயரத்தையும்) முழுசாகத் திரும்பக் கட்டும் வேலை இப்போது ஸ்கேனரில்தான் தொடங்குகிறது. இரண்டு தாடையையும் ஸ்கேன் செய்து, பழகிய கடியில் ஒரு பதிவையும் எடுத்து, "முன்பக்கம் 3 மி.மீ. திறந்து டிசைன் பண்ணுங்க" என்று பல் செய்யும் லேபுக்கு எழுதிவிடுகிறார்கள்; அங்கே கணினித் திரையில் மவுஸால் தாடையைத் திறந்து உயரத்தைக் கூட்டுகிறார்கள். கேஸ் கெடுவது அங்கேதான்.

நோயாளியின் தாடை மூட்டு எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஃபேஸ்போ பதிவு (மூட்டோடு ஒப்பிட்டு மேல்தாடை எங்கே இருக்கிறது என்று காட்டும் பதிவு) இல்லையென்றால், தாடை சுழலும் அச்சாகச் சராசரி ஒன்றை வைத்துக்கொண்டு திறக்கும். உயரம் கூடக்கூடப் பிழையும் கூடும். கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) மாட்டும் நாளில் கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் முதலில் முட்டலாம்; அதைத் தேய்த்துத் தேய்த்தே கிரவுனின் சிர்கோனியா பீங்கான் மெலிந்துவிடும்.

அதனால் உயரத்தை வாயிலேயே கூட்டிப் பதிவு செய்யுங்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுவது நல்லது: கடைவாயில் கிரவுனுக்கு 1 மி.மீ. இடம் வேண்டுமென்றால் முன்பற்களில் சுமார் 2 முதல் 3 மி.மீ. திறக்க வேண்டிவரும். மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே லீஃப் கேஜை (மெல்லிய பிளாஸ்டிக் தாள்களின் அடுக்கை) வைத்து, அந்த இடம் கிடைக்கும்வரை தாள்களைக் கூட்டுங்கள். பின்பக்கமாகக் கடிப்பதுபோல லேசாக அழுத்தச் சொல்லிச் சில நிமிடங்கள் விடுங்கள். தசை தன் பழைய வழக்கத்தை விட வேண்டும். இந்தக் காத்திருப்பில் அவசரம் கூடாது.

அடுத்த சிக்கல், வலப்பக்கம் ஸ்கேன் ஆகி இடப்பக்கம் போவதற்குள் தாடை லேசாகச் சாய்ந்துவிடுவது. இடப்பக்கப் பற்களுக்கு நடுவே பைட் சிலிக்கான் (கடியைப் பதிய வைக்கும், சீக்கிரம் இறுகும் பசை) போட்டு இறுகவிட்டு வலப்பக்கத்தை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். பதிவை இரண்டு முறை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் டிசைனுக்கே போகாதீர்கள்.

இம்பிளான்ட் சேரும் கேஸ் என்றால், சிபிசிடி (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுக்கும்போது மேல், கீழ்ப் பற்கள் தொடாதபடி இடையில் பஞ்சுருளை வையுங்கள். அந்தப் படத்தையும் வாய் ஸ்கேனையும் ஒன்றாகப் பொருத்தும்போது, உலோகக் கிரவுன் எக்ஸ்ரேயைச் சிதறடித்துப் படத்தைக் கெடுக்கும் இடத்தில் பொருத்தும் புள்ளி வைக்காதீர்கள்.

டிசைன் வந்ததும் மாடலை பிரிண்ட் செய்து, சிலிக்கான் அச்சு வழியாக வாயில் மாக்-அப் (புதுப் பற்களின் தற்காலிக மாதிரி) போட்டு, "சரஸ்வதி" என்று சொல்லச் சொல்லுங்கள். ஸகர ஒலியில் மேல், கீழ்ப் பற்கள் உரசக் கூடாது. உரசினால் உயரத்தையோ முன்பற்களின் நீளத்தையோ அப்போதே குறைத்துவிடுங்கள். அதன்பின் பிஎம்எம்ஏ (அக்ரிலிக் பிளாஸ்டிக்) தற்காலிகப் பற்களோடு இரண்டு, மூன்று மாதம் விட்டுப் பாருங்கள். மூட்டு வலி வருகிறதா, பல் உடைகிறதா, ஒட்டியது கழன்றுவருகிறதா என்பது திரையில் தெரியாது.

இறுதிக் கிரவுனுக்குப் பழைய டிசைன் கோப்பைத் திறக்கவே கூடாது. வாயில் தேய்த்துச் சரிசெய்த தற்காலிகப் பற்களையே ஸ்கேன் செய்து, அதைத்தான் நகலெடுக்க வேண்டும். எல்லாத் தற்காலிகப் பற்களையும் ஒரே நாளில் கழற்றினால் உயரமும் கூடவே போய்விடும். ஒரு பக்கத்தைக் கழற்றி, மறுபக்கம் உயரத்தைத் தாங்கி நிற்கும்போதே கடியை ஸ்கேன் செய்யுங்கள்.