வழுக்கும் கத்திப்பிடிக்கு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்கி வீட்டில் வெட்டுபவர்களுக்கு இது. மீன் கொழுப்பும் தண்ணீரும் பட்டால் வழவழப்பான பிளாஸ்டிக் பிடி கையில் நிற்காது, விரல் அலகுப் பக்கம் சரிந்துவிடும். தயவுசெய்து துணி சுற்றாதீர்கள். ஈரம் தங்கி நாறும், கிருமி சேரும்.

அலகை அட்டையால் மூடிவிட்டு, பிடியை எண்ணெய்ப்பசை போகக் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் சிலிக்கோன் டேப். அதில் பசை கிடையாது, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும். நன்றாக இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் ஹார்டுவேர் கடையில் கேட்டுப் பாருங்கள்.

மரப்பிடிக்கு டேப் வேண்டாம், உள்ளே ஈரம் அடைபட்டு மரம் உளுத்துவிடும். 120 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பிடிப்பு வரும். பிடியில் ஆணி ஆடுகிறதா? சரி, அந்தக் கத்தியை இனி யாரிடமும் கொடுக்காதீர்கள், புதிது வாங்குங்கள்.