முதல் பத்து நொடி

மார்ச் 3
ஏழு போர்டுகளையும் (லினக்ஸ் ஓடும் சின்னக் கணினிகள்) முதல் தடவையாக பூட் செய்து, தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைவதற்காக ஒவ்வொன்றும் தானாக உருவாக்கிய எஸ்எஸ்ஹெச் கீயை வரிசையாக எழுதி வைத்தேன். மூன்றாவதும் ஆறாவதும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒன்று.

மார்ச் 4
எல்லா போர்டிலும் ஏற்றும் சிஸ்டம் இமேஜுக்குள்ளேயே கீ மாட்டிக்கொண்டதா என்று பார்த்தேன், இல்லை. தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் பழைய விதைக் கோப்பும் இல்லை. அப்படியென்றால் இரண்டு இயந்திரங்கள் தனித்தனியாக யோசித்து ஒரே ரகசியத்துக்கு வந்திருக்கின்றன. தூக்கம் வரவில்லை.

மார்ச் 5
கீ உருவாக்க, யாராலும் ஊகிக்க முடியாத தற்செயல் எண்கள் வேண்டும். எதுவுமே நடக்காத இடத்தில் தற்செயல் எங்கிருந்து வரும்? லினக்ஸின் மையமான கெர்னல் அதை உண்டாக்குவதில்லை, வெளியிலிருந்து பொறுக்குகிறது: விசை தட்டும் இடைவெளி, டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம், நெட்வொர்க்கிலிருந்து வரும் இன்டரப்ட் (ப்ராசஸரை இடைமறிக்கும் சமிக்ஞை). எல்லாவற்றையும் ஒரு குளத்தில் போட்டுக் கலக்கி, போதுமான அளவு சேர்ந்ததும் விதை எடுக்கிறது. இப்போதைய லினக்ஸில் அந்த அளவு 256 பிட். அப்புறம் எத்தனை கோடி எண்கள் கேட்டாலும் கவலையில்லை. ஆபத்து முதல் சில நொடிகளில்தான். என் போர்டில் கீபோர்டு இல்லை, சுழலும் டிஸ்க் இல்லை, கடிகாரத்துக்கு பேட்டரி இல்லை, எனவே ஒவ்வொன்றும் 1970 ஜனவரி 1-இல் கண் விழிக்கிறது. ஒரே சிப், ஒரே இமேஜ், ஒரே வரிசையில் ஒரே வேலைகள். அந்த நேரம் பார்த்து கீ உருவாக்கச் சொல்கிறோம். கெர்னலோ 3.2; தற்செயல் எண் தரும் யூரேண்டம் கோப்பில் கேட்டால் குளம் காலியா நிறைந்ததா என்று பார்க்காமல் ஏதோ ஒன்றை நீட்டிவிடும்.

2012-இல் ஆய்வாளர் நாடியா ஹெனிங்கரும் மற்றவர்களும் இணையம் முழுக்க கீக்களைத் திரட்டிப் பார்த்தபோது கண்டது இதைத்தான். கீ முழுவதும் ஒன்றாக இருக்கக்கூட வேண்டாம். ஆர்எஸ்ஏ கீ என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல்; இரண்டு கீக்களுக்குள் ஒரு பகா எண் பொதுவாக இருந்தால் போதும், மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடித்தால் இரண்டுமே திறந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்கு. டிஎல்எஸ் (இணையத்தில் இணைப்பை மறையாக்கும் முறை) சர்வர்களில் 0.50 சதவீதத்தின் ரகசியக் கீ அவர்கள் கைக்கு அப்படி வந்தது.

மார்ச் 6
மூன்றும் ஆறும்.

மார்ச் 8
கெர்னல் 4.19 போட்டேன். இப்போது பூட்டே ஆகாமல் நிற்கிறது. தற்செயல் எண் கேட்கும் புதிய வழியான கெட்ரேண்டம், குளம் நிறையும்வரை விடாது. சீரியல் கன்சோலில் எண்டரைத் தட்டிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் "சிஆர்என்ஜி இனிட் டன்" என்று, தற்செயல் எண் தரும் பகுதி தயார் என்று சொல்லும் ஒரு வரி வருகிறது. அதைப் பார்த்ததும் அப்படி ஒரு நிம்மதி. ஆனால் போர்டுகளை அனுப்பிய இடத்தில் யார் எண்டர் தட்டுவார்கள்?

"பழையபடி யூரேண்டமில் படித்தால் நிற்காதே" என்று ஒரு செய்தி வந்தது. பதில் எழுதவில்லை. எழுதினால் கோபமாக எழுதுவேன்.

மார்ச் 9
2019-இல் லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 டிஸ்க்கிலிருந்து படிப்பதைக் குறைத்துச் சீராக்கினார்கள். அதனால் இன்டரப்ட் குறைந்தது, சில கணினிகள் பூட்டில் தொங்கின. வேகமாக்கியதே குற்றமாகிவிட்டது! லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கெர்னல் 5.3-இல் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தார். 5.4-இல் வேறு வழி கொண்டுவந்தார்: காத்திருக்கும்போதே டைமரை ஓடவிட்டு, ப்ராசஸரின் துடிப்புகளை எண்ணும் சைக்கிள் கவுன்டரில் தெரியும் சின்னச் சின்னத் தடுமாற்றங்களைச் சேர்ப்பது. அருமையான யோசனை. என் சிப்பில் அந்தக் கவுன்டர் இல்லை. கவுன்டர் இல்லையென்றால் கெர்னல் முயற்சியே செய்யாது.

மார்ச் 11
சிப்புக்குள்ளேயே ஹார்டுவேர் ரேண்டம் ஜெனரேட்டர் இருக்கிறது!! இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதன் டிரைவர் தனியாகப் பின்னால் ஏற்றப்படும் மாட்யூலாக இருப்பதால் கீ உருவான பிறகுதான் ஏறுகிறது. போதாததற்கு அதன் தர மதிப்பு 0. கொடுப்பதைக் குளத்தில் கலப்பார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். டிரைவரைக் கெர்னலோடு சேர்த்து பில்ட் செய்து தர மதிப்பையும் ஏற்றினேன். நான்கு நொடியில் குளம் நிறைந்தது.

மார்ச் 12
அதை நம்பலாமா? 2019-இல் ஏஎம்டியின் ஒரு வகை ரைசன் ப்ராசஸர்களில், தற்செயல் எண் தரவேண்டிய ஆர்டிரேண்ட் கட்டளை எப்போது கேட்டாலும் எல்லா பிட்டும் 1 என்றே சொன்னது, கூடவே "சரியான பதில்" என்ற அடையாளத்தோடு. மோசமான மூலத்தைக் கலந்தால் மற்றவை கெடாது, அது சரி. ஆனால் என் குளத்தில் மற்றவை என்று என்ன இருக்கிறது? ஒவ்வொரு போர்டுக்கும் தனியான நெட்வொர்க் எண்ணான மேக் முகவரியைக் கெர்னல் கலக்கிறது, அதனால் கீக்கள் வேறு வேறாகத் தெரியும். வேறாக இருப்பதும் ஊகிக்க முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல.

மார்ச் 13
ஜெனரேட்டரிலிருந்து பச்சையாக வரும் பைட்டுகளையே ஒவ்வொரு பூட்டிலும் சேமித்து ஒப்பிடுகிறேன். மூன்றும் ஆறும் மட்டும். ரிலே (தானியங்கி ஸ்விட்ச்) மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திப் போடுகிறது. 212-ஆவது பூட். இதுவரை ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை.